1917 என்பது பாடியின் வயது, ரைபிளின் வயது அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் மாவட்டத் தலைநகரில் பள்ளி மாணவர்களுக்காகக் காவல்துறை நடத்திய ஆயுதக் கண்காட்சி பற்றித் தங்கள் நாளிதழில் படத்துடன் செய்தி வந்திருந்தது. படத்தின் கீழே 'முதல் உலகப் போரில் ஆங்கிலேயர் பயன்படுத்திய 1917ஆம் ஆண்டுத் துப்பாக்கி' என்று போட்டிருந்தீர்கள். சில நாள் கழித்து வாசகர் ஒருவர் மறுத்து எழுதினார். போல்ட்டில் (ரவுண்டை உள்ளே தள்ளிப் பூட்டுகிற தண்டில்) ஒரு எண், பாடியில் (போல்ட்டும் குழலும் பொருந்துகிற நடு இரும்பில்) வேறு எண், முன்கட்டை ஒரு நிறம், பின்கட்டை இன்னொரு நிறம், ஆகவே அது பல துப்பாக்கிகளைப் பிய்த்து ஒட்டிய போலி, பிள்ளைகளுக்குப் பொய்யைக் காட்டியிருக்கிறார்கள் என்பது அவர் வாதம்.

மாவட்ட ஆயுதப்படையில் ஆர்மரராக, அதாவது ஆயுதங்களைப் பழுது பார்த்துப் பராமரிப்பவனாக, இருந்து ஓய்வு பெற்றவன் நான். எஸ்.எல்.ஆர்., இன்சாஸ் ரைபிள்கள் எல்லாம் பிறகு வந்தவை. என் கையில் அதிகம் புழங்கியது த்ரீ நாட் த்ரீ, அதாவது .303 ரைபிள்தான். கண்காட்சியின் கடைசி நாள் நேரில் போனேன். பொறுப்பில் இருந்த ஆர்மரர் என்னிடம் தொழில் பழகியவர். அவர் அனுமதியோடு அந்த ரைபிளைக் கண்ணாடிப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்து, குழலை மேலே மூடியிருக்கும் ஹேண்ட் கார்டு மரத்தைக் கழற்றி, டார்ச் அடித்துப் பார்த்தேன். உங்கள் செய்தி பாதி சரி. வாசகர் கண்ணில் பட்டதும் சரிதான், ஆனால் அதிலிருந்து அவர் எடுத்த முடிவு சரியில்லை.

முதலில் அந்த 1917. பின்கட்டை வந்து செருகும் இரும்புக் கூட்டின் வலப்பக்கம் ஒரு கிரீடம், அதன் கீழே ஜி.ஆர்., பிறகு என்ஃபீல்ட், 1917, அதற்கும் கீழே 'எஸ்.எச்.டி. எல்.இ.' (குட்டை லீ என்ஃபீல்ட்), கடைசியாக ரோமன் மூன்றும் ஒரு நட்சத்திரமும். எல்லாமே கண்ணுக்குத் தெரிகின்றன, நிருபர் அதைத்தான் படித்திருக்கிறார். ஜி.ஆர். என்பது ஜார்ஜ் மன்னர். 1917 என்பதால் ஐந்தாம் ஜார்ஜ். என்ஃபீல்ட் லண்டனுக்கு வடக்கே இருந்த அரசுத் தொழிற்சாலை. நட்சத்திரம் போட்ட மார்க் 3, போர் நடந்துகொண்டிருந்தபோது வேலையைச் சுருக்குவதற்காக வந்த மாடல். 1907இல் வந்த நட்சத்திரமில்லாத மார்க் 3இல் மேகசினை மூடி ஒவ்வொரு ரவுண்டாகப் போட்டுச் சுடுவதற்கு 'கட் ஆஃப்' என்று ஒரு தகடு உண்டு, இடப்பக்கம் வெகுதூரக் கூட்டத்தை நோக்கிச் சுட ஒரு தனி சைட் (குறி பார்க்கும் அமைப்பு) உண்டு. அகழிப் போரில் இரண்டுக்கும் வேலையில்லை. 1916 ஜனவரியில் நட்சத்திர மாடலுக்கு முறையான ஒப்புதல் வந்தது. இந்த ரைபிளின் பாடியில் கட் ஆஃப் தகட்டுக்கான வெட்டு இல்லை. முத்திரையும் உருவமும் ஒத்துப்போகின்றன. ஆக, பாடி சந்தேகமில்லாமல் 1917 என்ஃபீல்ட்.

பாடி மட்டும்தான். இந்த ரகத்தில் கட்டை செருகும் கூடும் பாடியும் ஒரே இரும்பு. அங்கே அடித்த ஆண்டு அந்த இரும்புக்குச் சொந்தம். குழலுக்கோ போல்ட்டுக்கோ கட்டைக்கோ அது பொருந்த வேண்டும் என்று கட்டாயம் இல்லை. எஃப்.சி.க்குப் போகிற பழைய பஸ்ஸில் இன்ஜின், கியர் பாக்ஸ், சீட் எல்லாம் மாற்றியிருப்பார்கள், ஆர்.சி. புத்தகத்தில் சேஸிஸ் ஆண்டுதான் இருக்கும். ரைபிளும் அந்தக் கணக்குதான்.

ஹேண்ட் கார்டைக் கழற்றினால் குழல் பாடியோடு சேருகிற தடித்த இடம் தெரியும். குழலின் பிறப்பு அங்கேதான் அடித்திருக்கும். இதில் இஷாப்பூர் முத்திரையும் 1944ஆம் ஆண்டும் இருந்தன. பாடியைவிடக் குழல் 27 வயது இளையது. ஆனால் குழலில் அடித்த எண்ணும் பாடியில் அடித்த எண்ணும் ஒன்றே. இந்த இடத்தில் சேகரிப்பாளர்களே ஏமாறுவார்கள். 'எல்லா நம்பரும் சேருகிறது, ஆகவே ஒரிஜினல்' என்பார்கள். குழல் தேய்ந்துபோனால் புதுக் குழலைப் பூட்டி, சரிபார்த்து, பாடியின் எண்ணையே அதன்மேல் அடித்துவிடுவது முறையான வேலை. எண் ஒத்துப்போவது யாரோ ஒரு ஆர்மரர் பொருத்திப் பார்த்துக் கையெழுத்துப் போட்டதற்குச் சமம். எத்தனையாவது குழல் அது என்பதை எண் சொல்லாது, குழலில் உள்ள ஆண்டுதான் சொல்லும்.

இஷாப்பூர் பற்றி நம் ஊரில் பலருக்குத் தெரியாது. வங்காளத்தில் ஹூக்ளி ஆற்றங்கரையில், பாரக்பூருக்குப் பக்கத்தில் இருக்கிறது. முதலில் வெடிமருந்து ஆலை இருந்த இடம், 1904இல் ரைபிள் தொழிற்சாலை ஆனது. இரண்டாம் உலகப் போரில் இங்கிலாந்து 'நம்பர் 4' என்ற புது மாடலுக்கு மாறிப்போனபோதும் இங்கே பழைய மார்க் 3 தொடர்ந்து உருவானது. சுதந்திரத்துக்குப் பிறகும் உருவானது. 1962 சீனப் போருக்குப் பிறகு அதே உருவத்தில், நல்ல எஃகில், 7.62 குண்டுக்கு '2ஏ' என்று ஒரு ரைபிளையும் செய்தார்கள். மேகசின் சதுரமாக, வெட்டிவிட்டாற்போல் இருந்தால் அது 2ஏ. அதை த்ரீ நாட் த்ரீ என்று எழுதினால் நாங்கள் சிரிப்போம்.

இஷாப்பூர் கை பட்டதற்கு இன்னொரு சாட்சி முன்கட்டையில் உண்டு. பேக் சைட் (பின் குறி அமைப்பு) பக்கத்தில் மரத்தின் குறுக்கே ஒரு ஸ்க்ரூ ஊடுருவிப் போகும். மரம் பிளக்காமல் இருக்க இந்தியாவில் சேர்த்தது. இங்கிலாந்திலிருந்து வந்த கட்டையில் அது இருக்காது. இந்த ரைபிளில் ஸ்க்ரூவும் இருக்கிறது, உள்பக்கம் பாடி வந்து உதைக்கிற இடத்தில் வேறு மரத்தில் ஒட்டும் போட்டிருக்கிறது. ஒட்டு என்றால் வாசகர் நினைப்பதுபோல் மோசடி இல்லை. சுடும்போது பின்னுதைப்பு முழுவதும் அந்த இரண்டு சின்ன மூலைகளில் போய் இறங்குகிறது. மரம் நசுங்கினால் குறி தப்பும். நசுங்கிய அளவுக்கு வெட்டி எடுத்துவிட்டுப் புது மரம் இழைத்து வைப்பது தச்சு வேலையில் உயர்ந்த ரகம். இந்த ஒட்டைச் செய்தவர் யாரோ, நகம் நுழைகிற இடைவெளி இல்லை.

ஒட்டுக்குப் பின்னால், கட்டையின் கடைசியில், ஒரு விரிசலும் உண்டு. அது சுட்டதால் வந்தது இல்லை, தெரியாமல் கழற்றியதால் வந்தது. இந்த ரகத்தில் பின்கட்டையை இழுத்துப் பிடிக்கிற நீள போல்ட்டின் (இது வேறு, மரத்தைப் பிடிக்கும் திருகாணி) நுனி சதுரமாக இருக்கும். அது முன்கட்டைக்குள் இருக்கிற ஒரு தகட்டில் போய் உட்காரும். முன்கட்டையை முதலில் எடுத்த பிறகுதான் பின்கட்டை போல்ட்டைத் திருக வேண்டும். அவசரக்காரன் நேரே பின்கட்டை போல்ட்டைத் திருகுவான், சதுர நுனி திரும்பி முன்கட்டையைப் பிளந்துவிடும். பழைய ரைபிளில் இந்த விரிசலைப் பார்த்தால், முறை படிக்காத ஒருவர் கையில் அது ஒருமுறையாவது மாட்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

பின்கட்டை வால்நட். நிறம் கறுத்துப்போய், எண்ணெய் குடித்து, கை பட்ட வழவழப்போடு இருக்கிறது. அதன் வலப்பக்கம் வட்டமாக ஒரு மரத் தக்கை. அந்த இடத்தில் முன்பு ஒரு பித்தளை வில்லை இருந்திருக்கும், படைப்பிரிவின் பெயரும் வரிசை எண்ணும் அதில் இருக்கும். போர் நடுவில் அதையும் நிறுத்திவிட்டார்கள். ஆகவே இந்தக் கட்டை பழைய கட்டை. பாடியோடு சேர்ந்தே பிறந்ததாகவும் இருக்கலாம், அதைவிட மூத்ததாகவும் இருக்கலாம். வில்லை போனதோடு எந்தப் பிரிவிடம் இருந்தது என்கிற தகவலும் போய்விட்டது. 'முதல் உலகப் போரில் பயன்படுத்திய' என்ற உங்கள் வரியை நான் ஏற்காததற்குக் காரணம் இதுதான். போர் நடந்த ஆண்டில் செய்தது என்பது உண்மை. போருக்குப் போனது என்பதற்கு அந்த ரைபிளில் ஒரு கீறல்கூடச் சாட்சி இல்லை.

முனையில் பயோனெட் மாட்டுகிற நோஸ் கேப்பில் எம்.ஏ. என்று சின்னதாக அடித்திருந்தது. பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. இரண்டாம் உலகப் போர்க்கால ஆஸ்திரேலியப் பாகங்களில் எம்.ஏ. இருக்கும், பி.ஏ. இருக்கும், ஓ.ஏ. இருக்கும். பட்டதாரிகள் யாரும் இல்லை. எம்.ஏ. என்றால் நியூ சவுத் வேல்ஸில் உள்ள லித்கோ தொழிற்சாலை, பி.ஏ. அதன் துணை ஆலை இருந்த பாதர்ஸ்ட், ஓ.ஏ. ஆரஞ்ச் என்ற ஊர். அங்கே கட்டைகளுக்கு வால்நட்டுக்குப் பதில் குவீன்ஸ்லாந்து மேப்பிள், கோச்வுட் என்று உள்ளூர் மரம். டென்னிஸ் மட்டை செய்கிற ஸ்லாசெஞ்சர் கம்பெனியே போர்க்காலத்தில் ரைபிள் கட்டை செய்து கொடுத்தது, 'ஸ்லாஸ்' என்று முத்திரை இருக்கும். நம்முடையதில் கட்டை ஆஸ்திரேலியா இல்லை, நோஸ் கேப் மட்டும்தான்.

பேக் சைட்டின் பட்டையைத் தூக்கினால் அடியில் ஒரு எண் இருக்கும், அதுவும் பாடியோடு சேர வேண்டும். இதில் சேரவில்லை. ஆனால் அந்தப் பட்டையில் சிங்கத் தலை முத்திரை இருக்கிறது. அசோகச் சின்னம் நாட்டின் சின்னமானது 1950 ஜனவரி 26. அந்தப் பட்டை அதற்குப் பிறகு வந்தது என்பதற்கு வேறு ஆவணம் வேண்டியதில்லை. கூடவே மாட்டி வைத்திருந்த பயோனெட்டும் 1907 மாதிரியின் 17 அங்குலக் கத்தி இல்லை, இந்தியாவில் பயன்பட்ட குட்டைக் கத்தி.

இப்போது போல்ட். வாசகர் சரியாகத்தான் பார்த்தார். போல்ட் கைப்பிடியின் அடியில் இருந்த எண்ணுக்கும் பாடிக்கும் சம்பந்தமே இல்லை. எனக்கு உடனே வேறு சந்தேகம் வந்தது. எங்கள் பெல் ஆஃப் ஆர்ம்ஸில் (ஆயுத அறையில்) ரைபிள் ஒரு அறையிலும் போல்ட் வேறு பெட்டியிலுமாகப் பூட்டி வைத்த காலம் உண்டு. எவனாவது ரைபிளைத் தூக்கிக்கொண்டு போனாலும் சுட முடியாது என்பதற்காக. பெட்டியிலிருந்து எடுத்துப் போடும்போது எண் பார்த்துப் போட வேண்டும். கண்காட்சி அவசரத்தில் பார்க்கவில்லை போலிருக்கிறது. அதே மேசையில் பக்கத்தில் இருந்த ரைபிளின் போல்ட்டைக் கழற்றிப் பார்த்தேன். நம் 1917 பாடியின் எண் அதில் இருந்தது! இரண்டையும் மாற்றிப் போட்டோம், இரண்டு ரைபிளும் சேர்ந்துவிட்டன.

அத்தோடு கதை முடியவில்லை. சரியான போல்ட்டிலும் இரண்டு எண்கள். மேலே உள்ள பழைய எண்ணின்மேல் உளியால் ஒரு கோடு, கீழே நம் பாடியின் எண், வேறு அச்சில். ஆக, அதுவும் வேறொரு ரைபிளுக்காகப் பிறந்து, பிறகு இதற்குப் பொருத்திய போல்ட். கோடு போட்ட எண்ணை யாரும் அசிங்கம் என்று நினைக்க வேண்டாம். மறைக்க நினைப்பவன் அரத்தால் ராவிவிடுவான். கோடு போடுகிறவன் பழையது இன்னதென்று தெரியும்படி விட்டுவைக்கிறான்.

போல்ட்டில் எண் அடிப்பதே பாதுகாப்புக்காகத்தான், இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். போல்ட்டின் இரண்டு காதுகளும் பாடிக்குள் ஒரே சமமாக உட்கார வேண்டும். போல்ட் ஹெட்டுக்கும் குழலுக்கும் இடையே ரவுண்டின் விளிம்பு நிற்கிற இடைவெளி சரியாக இருக்க வேண்டும். எங்களிடம் அந்த இடைவெளியைச் சோதிக்க இரண்டு கேஜ் (அளவுத் துண்டு) உண்டு. .064 அங்குல கேஜைப் போட்டால் போல்ட் மூட வேண்டும். .074 போட்டால் மூடக் கூடாது. மூடினால் ரவுண்டின் பித்தளைக் கூடு சுடும்போது அறுந்துபோகலாம், புகை சுடுபவன் முகத்துக்கு வரும். நம்பர் 4 ரைபிளில் போல்ட் ஹெட் 0, 1, 2, 3 என்று அளவு போட்டு வரும், மாற்றிப் பார்த்துப் போடலாம். மார்க் 3இல் அந்த வசதி கிடையாது, ஆர்மரர் ராவித்தான் பொருத்த வேண்டும். ஆகவே 'எந்த போல்ட்டும் எந்த ரைபிளிலும் போகும்' என்று சொல்கிறவர்கள், போகும் என்பதையும் சுடலாம் என்பதையும் குழப்பிக்கொள்கிறார்கள். கண்காட்சி மேசையில் மாறிக் கிடந்த போல்ட்டால் ஆபத்து இல்லை. ஃபயரிங் ரேஞ்சில் அப்படி மாறினால் ஆர்மரர் தலை போகும்.

இவ்வளவு கலப்பு எப்படி வந்தது என்று கேட்டால், மோசடியால் இல்லை, உழைப்பால் வந்தது. ரைபிள்கள் பழுதுக்குத் தொகுதியாகப் போகும். பிரித்து, கழுவி, பாகங்களைத் தொட்டிகளில் போட்டு, அளவு தேறியதை எடுத்து மீண்டும் கோப்பார்கள். பாடிக்கு எந்தக் குழல் அளவில் பொருந்துகிறதோ அது போகும், முன்பு எதோடு இருந்தது என்று யாரும் தேட மாட்டார்கள். முழுப் பழுது முடிந்ததற்கு 'எஃப்.டி.ஆர்.' (ஃபாக்டரி தரோ ரிப்பேர்) என்று அடித்து ஆண்டு போடுவது இங்கிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் வழக்கம். இன்னும் சொல்லப்போனால், பிறந்த அன்றே கலப்பான ரைபிள்களும் உண்டு. முதல் உலகப் போரில் தேவை பெருகியபோது பர்மிங்காமில் ஸ்டாண்டர்ட் ஸ்மால் ஆர்ம்ஸ் என்ற கம்பெனி முழு ரைபிள் செய்யாமல் பாகங்களை மட்டும் செய்து அனுப்பியது. மற்றவர்களுடைய பாகங்களோடு சேர்த்து என்ஃபீல்டில் கோத்தார்கள். எஸ்.எஸ்.ஏ. என்று முத்திரை இருக்கிற ரைபிளில் ஒரே கம்பெனிப் பாகங்களைத் தேடுகிறவர் ஏமாந்துதான் போவார்.

உண்மையான போலியும் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. பாகிஸ்தானில் பெஷாவருக்குத் தெற்கே தர்ரா ஆதம் கேல் பக்கம் பட்டறைகளில் கையால் செய்தவை. நம் ஊர்ப் பக்கம் அபூர்வம், வடக்கே பணி செய்த ராணுவ நண்பர்கள் நிறையப் பார்த்திருக்கிறார்கள். எழுத்தில் மாட்டிக்கொள்வார்கள். ஆங்கில 'என்' எழுத்து திரும்பி நிற்கும். ஒரே வரியில் ஓர் எழுத்து ஆழமாகவும் ஓர் எழுத்து மேலோட்டமாகவும் இருக்கும். விக்டோரியா ராணியின் வி.ஆர். முத்திரையைப் போட்டு 1912 என்று ஆண்டு அடித்திருப்பார்கள். ராணி இறந்தது 1901. ஆனால் வி.ஆர். என்று பார்த்த மாத்திரத்தில் போலி என்று தூக்கிப் போடவும் கூடாது. 1890களின் நீள ரைபிள்களை வெட்டிக் குட்டை மாடலாக மாற்றியபோது பழைய பாடியின் பழைய முத்திரை அப்படியே இருந்தது, மாற்றியது என்று கூடுதலாக ஒரு வரி அடித்திருப்பார்கள். முத்திரையை ஆண்டோடு சேர்த்துப் படிக்க வேண்டும், தனியாகப் படித்தால் அது எதையும் சொல்லிவிடும்.

அதேபோல, இல்லாத முத்திரையும் ஒரு செய்தி. இங்கிலாந்தில் தனியாருக்கு விற்ற ரைபிள் என்றால் பர்மிங்காம் அல்லது லண்டன் ப்ரூஃப் ஹவுஸ் (துப்பாக்கி சோதனை நிலையம்) சோதித்து, குழலில் ரவுண்டுக் கூட்டின் நீளம் 2.222 அங்குலம், அழுத்தம் 18.5 டன் என்றெல்லாம் அடித்திருக்கும். அரசுக்குச் சொந்தம் என்பதற்கு ஒரு அம்புக்குறி, அரசு விற்றுவிட்டது என்றால் முனைக்கு முனை பார்க்க இரண்டு அம்புகள். இந்த ரைபிளில் ஒற்றை அம்புதான் இருக்கிறது, விற்பனைச் சோதனை முத்திரை எதுவும் இல்லை. 1917இல் அரசு உடைமையாகப் பிறந்தது, அரசுக் கையிலிருந்து வெளியே போகவே இல்லை என்றுதான் இதை நான் படிக்கிறேன்.

கூட்டத்தில் ஒரு தந்தை தன் மகனிடம் 'இதுதான் மஸ்கட்' என்று சொல்லிக்கொண்டிருந்தார். பாவம், அவர் மேல் குற்றமில்லை. போலீஸில் மஸ்கட் என்று சொன்னது வேறு. இதே ரைபிளின் குழலை வழவழப்பாகக் குடைந்து .410 ஆக்கி, மேகசினுக்குள் மரக்கட்டை அடைத்து, ஒவ்வொரு ரவுண்டாகப் போடும்படி இஷாப்பூரில் மாற்றினார்கள். காவலுக்கும் சிறைக்கும் அதுதான் போனது. கூட்டத்தில் யாராவது பிடுங்கிக்கொண்டு ஓடினாலும் பத்து ரவுண்டு தொடர்ந்து சுட முடியாது, அதற்கு ராணுவ ரவுண்டும் சேராது. வெளித் தோற்றத்தில் கிட்டத்தட்ட ஒன்றே. குழலுக்குள் பார்த்தால் வரிகள் இருக்கின்றனவா இல்லையா என்பதில் தெரிந்துவிடும். வயல் காவலுக்கு லைசென்ஸ் வாங்கிய .315 ரைபிளும் இதே போல்ட் அமைப்புதான் என்பதால், சில விவசாயிகள் தங்களிடம் இருப்பதும் த்ரீ நாட் த்ரீ என்று நினைக்கிறார்கள். த்ரீ நாட் த்ரீ தடைசெய்த குழல் அளவு, சாதாரண லைசென்ஸில் கிடைக்காது.

இதையெல்லாம் இப்போது எழுதுவதற்குக் காரணம் உண்டு. உத்தரப் பிரதேசக் காவல்துறை 2020 குடியரசு தினத்தில் த்ரீ நாட் த்ரீக்கு விடை கொடுத்தது. மற்ற இடங்களிலும் ஒவ்வொன்றாகக் கழிகின்றன. கழிந்தவை வெட்டி உருக்கப் போகின்றன, போகட்டும், பாதுகாப்புக்கு அதுதான் முறை. ஆனால் காட்சிக்கு என்று ஒதுக்கி வைக்கிற சிலவற்றையாவது படிக்கத் தெரிந்தவர் ஒருமுறை படித்துவிட்டு வைக்கலாம். ஓரிடத்தில் கண்காட்சிக்குப் பளபளப்பாக இருக்க வேண்டும் என்று எமரி பேப்பர் போட்டுத் தேய்த்து, பிராஸோவும் பூசியதைப் பார்த்திருக்கிறேன். கிரீடம் போய்விட்டது, ஆண்டில் கடைசி இலக்கம் போய்விட்டது. இந்தியப் பழுதுக்குப் பிறகு கறுப்புப் பெயின்ட் அடித்த ரைபிள்களில் முத்திரை பெயின்ட்டுக்கு அடியில் இருக்கும். அதையும் சுரண்டக் கூடாது. கெரசினில் நனைத்த துணியால் அழுக்கை மட்டும் எடுத்துவிட்டு, சாக்பீஸை எழுத்தின்மேல் தேய்த்து மேலாகத் துடைத்தால் பள்ளத்தில் வெள்ளை நிற்கும். டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் படம் எடுத்தால் போதும், கைப்பேசியிலேயே தெளிவாக வரும். கழற்றிய பாகம் ஒவ்வொன்றையும் அப்படி எடுத்துவிட்டு, எண்ணெய் தடவி மூட வேண்டும். சாக்பீஸ் ஈரம் இழுக்கும், அப்படியே விட்டால் துரு.

என்.சி.சி. வைத்திருக்கும் பள்ளி, கல்லூரிகளுக்கும் ஒரு வார்த்தை. கட்டையில் வெள்ளைப் பட்டை தீட்டி, 'டி.பி.' (ட்ரில் பர்பஸ்) என்று அடித்த ரைபிள் கவாத்துக்கு மட்டும் உரியது. அதில் இருக்கிற போல்ட், நோஸ் கேப் எல்லாம் தேறாத பாகங்கள், எண் சேருகிறதா என்று ஆராய வேண்டியதே இல்லை. அதை எந்தக் காரணத்துக்கும் சுடும் ரைபிளோடு ஒரே ரேக்கில் வைக்காதீர்கள்.

ரைபிளுக்கு வருகிறேன். போலி என்று எழுதிய வாசகர் கோபப்பட மாட்டார் என்று நம்புகிறேன், கண்காட்சியில் கூர்ந்து பார்த்தவர் அவர் ஒருவர்தான். அவர் பார்த்திராவிட்டால் போல்ட் இன்றைக்கும் மாறித்தான் கிடந்திருக்கும். தாங்கள் திருத்தம் வெளியிடுவதானால், பொறுப்பில் உள்ள ஆர்மரரிடம் நான் எழுதிக் கொடுத்துவிட்டு வந்த விளக்க அட்டையையே போடலாம்:

'குட்டை லீ என்ஃபீல்ட், மார்க் 3 நட்சத்திரம், .303 அங்குலம். பாடி: என்ஃபீல்ட், இங்கிலாந்து, 1917. குழல்: இஷாப்பூர், 1944. நோஸ் கேப்: லித்கோ, ஆஸ்திரேலியா, இரண்டாம் உலகப் போர்க்காலம். முன்கட்டை: இந்தியா. பேக் சைட் பட்டை: இந்தியா, 1950க்குப் பிறகு. போல்ட்: வேறு ரைபிளிலிருந்து எடுத்துப் பொருத்தி மறு எண் இட்டது. கடைசியாக வைத்திருந்தது: மாவட்ட ஆயுதப்படை.'

பத்தியில் இடம் போதவில்லை என்றால் நோஸ் கேப்பையும் பேக் சைட்டையும் வெட்டிக்கொள்ளுங்கள். 1917க்கு முன்னால் உள்ள 'பாடி' மட்டும் இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆர்மரர், ஆயுதப்படை
திண்டுக்கல் மாவட்டம்
(பெயர் வெளியிட வேண்டாம்)